சுவருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது

நான் சுவரில் சாய்ந்து நிற்பதில்லை. பஸ் நிலையம், வங்கி, கல்யாண மண்டபம், எங்கே கால் கடுத்தாலும் நட்டுவைத்த கம்பு மாதிரி நிமிர்ந்துதான் நிற்பேன். என் பிள்ளைகளுக்கு இது பெரிய கேலி. உம்மாவின் முதுகுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறதாம். கம்பியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. என்னோடு கெம்பசில் படித்த ஒருத்தியிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி அது. இவ்வளவு காலமாகியும் குணமாகவில்லை.

அவள் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில், பிறந்தவள். நான் மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடைக்காரரின் மகள். பொறியியல் படிக்கப் பேராதனைக்குப் போன வருடம், பெண்கள் விடுதியில் தமிழ் பேசும் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து ஒரே அறையில் போட்டார்கள். போன முதல் நாள் நான் நடையில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தேன். வீட்டு ஞாபகம். பெட்டியோடு வந்த அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"சாயாத புள்ள. செவுத்துக்கு ஏற்கனவே வேல இருக்கு," என்றாள்.

எனக்கு அழுகை நின்றுபோயிற்று. இப்படி ஒரு பைத்தியத்தோடா நான்கு வருடம் இருக்கப்போகிறோம் என்ற பயத்தில் நின்றது. அவள் சுவரைக் காட்டி, கூரையும் மேல்மாடியும் காற்றும் அதன் தலையில்தான் என்று விளக்கம் வேறு சொன்னாள். "நான் சாஞ்சா என்ன, இடிஞ்சா விழும்?" என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"ஒன் பாரம் அதுக்கு ஒரு விசயமே இல்லதான். ஆனா கேக்காம குடுக்கக் கூடாதுல்ல?"

எதைப் பார்த்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது யாரு மேல நிக்குது?" உட்காரும் முன் கதிரையை ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பாள். கன்ரீனுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வடை இருக்கிறதா என்று பார்க்க, இவள் கூரையின் வளையை அண்ணாந்து பார்ப்பாள். மகாவலிப் பாலத்தில் சோடி சோடியாய் நிற்பவர்களை வேடிக்கை பார்க்க நாங்கள் போவோம். இவள் கரையில் இறங்கிப் பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சீனியர்மார் இவளைக் கண்டால் தலையில் மூட்டை சுமப்பதுபோல் நடித்துக்காட்டுவார்கள். அவள் கவலைப்படவில்லை. மூட்டையைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று மட்டும் என்னிடம் குறை சொன்னாள்.

தூணையும் கம்பியையும் கயிற்றையும் போய் 'யாரு' என்கிறாளே என்று எனக்கு எரிச்சல். கம்பி விற்கும் வீட்டில் பிறந்தவள் நான். ஒருநாள் திருத்தினேன்.

"யாரு இல்ல. எது."

"எங்க ஊட்டுல சொமக்கிறது எல்லாம் யாரோ ஒருத்தருதான்," என்றாள்.

திடப்பொருள் விசையியல் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது ஒரு தந்திரம். எந்தப் பொருளை ஆராய வேண்டுமோ, அதை உலகத்திலிருந்து தனியாக வெட்டி எடுத்துவிட வேண்டும். பிறகு அதைத் தள்ளுகிறவர்கள், இழுக்கிறவர்கள், தாங்குகிறவர்கள் எல்லாரையும் அம்புக்குறிகளாகப் போட வேண்டும். அம்புகள் சரியாக வந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு. வீட்டில் பார்த்த பொருள் ஒன்றுக்கு இப்படி வரைந்து வரும்படி விரிவுரையாளர் சொன்னார். நாங்கள் ஏணி, சன்னல், தராசு என்று வரைந்தோம். இவள் பக்கவாட்டில் ஒரு பெண்ணின் தலையை வரைந்திருந்தாள். உச்சியில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை. கழுத்தில் போட்டிருந்த அம்புதான் படத்திலேயே நீளமானது.

விரிவுரையாளர் அதை நெடுநேரம் பார்த்தார். யார் இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் அம்மா, சேர், என்று இவளும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பென்சிலை எடுத்து முதுகில் இருந்த ஓர் அம்பின் திசையை மட்டும் மாற்றினார். அன்று இரவு அவள் அந்தக் கணக்கை மறுபடி போட்டாள். அவர் திருத்தியது சரிதான், அம்மாவின் கழுத்துக்கு நான் நினைத்ததைவிடக் கூடத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

பாரம் கொடுக்காமல் இருப்பதில் அவள் பிடித்த பிடிவாதம் சில நேரம் என்னைக் கொதிக்க வைக்கும். ஒரு பரீட்சை நேரம் காய்ச்சலில் அனலாய்க் கிடந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்வைக்குள் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் எழுப்பவில்லை என்று கத்தினேன்.

"ஒனக்கும்தானே பரீட்ச இருக்கு."

"நான் செவரு இல்ல!" என்றேன். அதைக் கேட்டு அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். ஆனால் மறுநாள் நான் கேட்டும் தராமல் போர்வையைத் தானே துவைத்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என் கோபம் அவளுக்கு உறைத்த மாதிரியும் தெரியவில்லை.

பிறகு திரவப் பாடம் தொடங்கியது. ஒரு தடுப்புச் சுவரைத் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பது, பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதில் இல்லை. எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. பின்னால் ஒரு குளமே நின்றாலும், அதே உயரத்துக்கு விரற்கடை இடுக்கில் நின்றாலும், சுவருக்கு விழும் தள்ளு ஒன்றுதான். நாங்கள் எல்லாரும் அதை எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். இவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"கொஞ்சூண்டு தண்ணிதானேன்னு இருந்துறக் கூடாது, என்னா?" என்று அறைக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நம்புவதற்கு அவள் தொட்டுப் பார்க்க வேண்டும், எழுத்துப் போதாது. அந்த வார இறுதியில் எங்கள் கடைக்கு வந்து, தண்ணீர் நிறைந்த பீப்பாயின் அடித் துளையில், உள்ளே தெரியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி நிமிர்த்திப் பிடித்தாள். குழாயில் தண்ணீர் ஏறி, பீப்பாயின் மட்டத்துக்கே வந்து நின்றது. என் வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன மகள் செல்றீங்க? இந்தக் குழாய்க்குள்ள ஈக்கிற சொட்டுத் தண்ணி, பெரல் தண்ணிய மடக்கிப் புடிச்சிக்கிட்டு ஈக்குதா?"

"ஆமாங்க மொதலாளி. ஒசரம் ஒண்ணாயிருக்குல்ல."

"சின்ன ஆளு, பெரிய ஆளு எல்லாம் கிடையாதா?"

"தண்ணிக்குக் கிடையாதுங்க."

வாப்பாவுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஒரு கிழமையாகக் கடைக்கு வந்த எவரையும் ஆணி கொடுத்து அனுப்பும் முன் பீப்பாயைக் காட்டாமல் விடவில்லை. உம்மா தண்ணீர் பிடிக்கப் பீப்பாய் இல்லாமல் திட்டிக்கொண்டு திரிந்தார்.

அதன் பிறகு கெம்பசைக் காலவரையறை இல்லாமல் மூடினார்கள். எண்பதுகளின் கடைசி அது. கடை திறக்காதே என்று ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரரின் சுவரொட்டி, திற என்று மறு பக்கம் இராணுவத்தின் துப்பாக்கி. படிக்கிற பிள்ளை என்றாலே யாருக்கும் சந்தேகம். நான் டவுனிலும் அவள் தோட்டத்திலுமாக வீட்டில் கிடந்தோம். பஸ் ஓடுகிற நாட்களில் அவள் புத்தகப் பையோடு இறங்கி வருவாள், கடையின் பின்னறையில் இருந்து படிப்போம்.

ஒருமுறை சோதனைச் சாவடியில் அவளை இறக்கி, பையைக் கொட்டி, கொப்பியை விரித்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக ஒரு சுவர், சுவரை நோக்கிப் பாயும் அம்புக்குறிகள். எந்தக் கட்டடத்தைத் தாக்கப் போகிறீர்கள் என்று சிப்பாய் கேட்டானாம். பஸ்சில் இருந்தவர்களுக்குப் பயத்தில் உயிரே போய்விட்டதாம். இவள் நல்ல சிங்களத்தில், பஸ்சின் பக்கத்தில் கையை வைத்துத் தள்ளச் சொல்லியிருக்கிறாள். அவன் தள்ளினான். "இப்ப பஸ்ஸும் ஒங்களத் தள்ளுது, தெரியுதா?" என்றாளாம். அவன் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே நின்றுவிட்டு, கொப்பியைக் கொடுத்து ஏறச் சொல்லிவிட்டான். இதை அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் ஒரு கொப்பிக்காகத் திரும்பி வராமல் போனவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், கையில் புத்தகம் இல்லாமல் வந்து நின்றாள். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. வாப்பா அவளைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"ஒங்கட தோட்டத்துப் பொடியன்மார் வந்தாங்களே மகள். கோயில் வேலண்டு சீமெந்து எடுத்துட்டுப் போனாங்க. நான் ஒரு சிவப்புப் பெயின்ட் டின்னும் சும்மா குடுத்துவுட்டேன். நல்லாப் பூசினாங்களா?"

"ரொம்ப நல்லாப் பூசியிருக்காங்க மொதலாளி," என்றாள். "ஒரு சொட்டு வெளிய வரல."

பிறகுதான் என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்.

அவள் லயம் மலையை வெட்டிக் கட்டியது. லயத்தின் முதுகுக்குப் பின்னால், மேலே இருக்கும் தேயிலை மலை சரியாமல் தாங்க, வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் ஒன்று நீளத்துக்கு நிற்கிறது. அது அப்படியே போய், லயத்துக் கோடியில் இருக்கும் சின்ன அம்மன் கோயில் முற்றத்தில் முடிகிறது. மழைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் வெளியே வர, அடியோரமாக ஓட்டைகள் விட்டிருந்தார்கள். சின்ன வயதில் இவளெல்லாம் அந்த ஓட்டைத் தண்ணீரில்தான் சேற்றுக்கால் கழுவியிருக்கிறாள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கோயிலின் கூரையை எரித்துவிட்டார்கள். அதிலிருந்து திருவிழா இல்லை. இந்த வருடம்தான் மறுபடி எடுக்கிறார்கள். முற்றத்துச் சுவரில் அம்மனை ஆளுயரத்துக்குப் பெரிதாக எழுத வேண்டும் என்று தோட்டம் முழுக்க ஆசைப்பட்டது. ஓட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் வடிந்தால் கரகம் வைக்கிற இடம் சேறாகும், சாமியின் காலடி நாறும். ஆகவே ஓட்டை ஒவ்வொன்றிலும் பழந்துணியைத் திணித்து, மேலே சீமெந்து வைத்து, கோயில் முற்றம் தொட்டு லயத்துக் கடைசி வீட்டுக் காமரா வரை சுவரை மழமழவென்று பூசிவிட்டார்கள். முன்னின்று பூசியது அவளுடைய அப்பா.

"இப்ப ஆத்தா மொகத்துல வேர்க்குதுடி," என்றாள்.

சுவருக்குப் பின்னால் ஏறிய தண்ணீர், கல் இடுக்கு வழியாகக் கசிந்து, பூச்சில் அம்மனின் நெற்றி இருந்த இடத்தில் முத்து முத்தாக நின்றிருக்கிறது. முதலில் கண்டவர் யாரோ கூவ, தோட்டமே கூடிவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நெற்றியைத் துணியால் ஒற்றி, அந்தத் துணியைக் கண்ணில் வைத்துக்கொள்கிறார்கள். அம்மன் திரும்பி வந்துவிட்டாள் என்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் நிற்பது அந்தச் சுவருக்கு நேர் கீழே.

அவள் கசிவு இருக்கும் உயரத்தை அளந்து கணக்குப் போட்டிருந்தாள். சுவரின் கோடியில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு கடதாசித் துண்டைப் பசை போட்டு ஒட்டினாள். வெடிப்பு அகன்றால் கடதாசி கிழியும். ஒட்டிய மறுநாள் காலையில் அது கிழிந்திருந்தது. தாயத்து ஒட்டினாயா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். தன் அப்பாவிடம் சொன்னாள், தோட்டத் தலைவரிடம் சொன்னாள். யாரும் காது கொடுக்கவில்லை. அந்தச் சுவரை ஒட்டிய ஒற்றை அறைக் காமராவில்தான் அவள் அம்மாவும் அப்பாவும் தம்பி தங்கைகளும் படுக்கிறார்கள். பக்கத்துக் காமராக்களில் மற்றக் குடும்பங்கள்.

"நீ எப்புடித் தூங்குற அங்க?" என்று கேட்டேன். "ஒரு அலவாங்கு வேணும்," என்றாள்.

வாப்பா கடையிலிருந்த கனத்த கடப்பாரை அலவாங்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மழையில் பஸ் நின்றுபோயிருந்ததால் கடை வேனிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். தோட்டத்துச் சந்திக்கு வந்ததும் வேனை நிறுத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மகள், நீங்க கூடப் போங்க. ஆனா அலவாங்கத் தொட வேணாம். அவங்கட கோயில் செவரு. நாங்க வேற ஆக்கள். நாளைக்குக் கதை வேற மாதிரிப் போகும். நான் இங்கேயே நிக்கிறேன், ஊரடங்குக்கு முந்தி வந்துருங்க."

அவர் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

முற்றம் நிறைந்த சனம். கற்பூரப் புகை. சுவரில் எங்கள் கடைச் சிவப்புப் பெயின்டில் சேலை உடுத்திய அம்மன். நெற்றியில் உண்மையிலேயே வியர்வை. பார்த்ததும் எனக்கே மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவளுடைய அம்மா முன்வரிசையில் நின்று, எட்டி எட்டி அந்த நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். சாயம் போன முந்தானை, மெலிந்த கழுத்து. அந்தக் கழுத்தை நான் ஏற்கெனவே படத்தில் பார்த்திருக்கிறேன்.

அலவாங்கைக் கண்டதும் தலைவர் முன்னால் வந்தார்.

"என்னா பாப்பா இது? ஆத்தா மேல ஓட்ட போடப் போறியா?"

"ஓட்ட ஏற்கனவே இருந்துச்சிங்க தலைவரே. அடச்சிட்டோம். அதத் தொறக்கணும்."

"திருவிழா முடியட்டும்."

"அது வரைக்கும் செவுரு நிக்காதுங்க. கடதாசி கிழிஞ்சிருக்கு, வந்து பாருங்க."

"மழைக்குக் கடதாசி கிழியாதா?"

"மழைன்னா ஊறி உழுந்திருக்கும். இது இழுத்துப் பிரிச்ச மாதிரி நடுவுல பிரிஞ்சிருக்கு."

பிறகு அவள் உயரம், தள்ளு, இடுக்குத் தண்ணீர் என்று சொல்லத் தொடங்கினாள். எங்கள் விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் அப்படியே மலையகத் தமிழில் வந்தது. ஒரு குற்றமில்லை. ஒருவருக்கும் விளங்கவும் இல்லை. பின்னால் இருந்து ஒரு பையன் கத்தினான்.

"கெம்பஸ் போனதும் சாமி பொய்யாப் போச்சா?"

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகள் படிக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் இந்த முறை தோற்றுவிட்டாள், இனி இவர்களை இழுத்துக்கொண்டு போகவா முடியும் என்று நினைத்தேன். மழை தூறத் தொடங்கியது.

அவள் அலவாங்கைக் கீழே வைத்தாள். கூட்டத்தை விட்டுவிட்டுத் தன் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நீ கூடையோட மல ஏறுனா வேர்க்குமா?"

"வேர்க்காம என்னா?"

"வேர்த்தா என்னா செய்வ? தொடச்சிக்கிட்டே நிப்பியா?"

"கூடைய எறக்கி வைப்பேன்."

"ஆத்தாவுக்கு வேர்க்குதுன்னு நானும்தாம்மா சொல்றேன். முதுகுல அம்புட்டுத் தண்ணி. நீங்க எல்லாரும் நின்னு தொடச்சித் தொடச்சி விடுறீங்க. எறக்கி வைக்க ஒருத்தரும் இல்லையேம்மா."

அப்படிச் சொன்னபோது அவள் குரல் உடைந்துபோயிற்று. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, உடைந்தது குரல் மட்டும்தான்.

அம்மா அண்ணாந்து அம்மனின் நெற்றியைப் பார்த்தார். பிறகு அதற்கும் மேலே, மழையில் கறுத்து நின்ற தேயிலை மலையைப் பார்த்தார். கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போயிற்று. கயிறு பட்டுப் பட்டு மயிர் தேய்ந்து பள்ளம் விழுந்த இடம். அதைத் தடவிப் பார்த்தார்.

"அலவாங்க எடு," என்றார்.

"ஏய், ஒனக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அப்பா ஓடிவந்தார்.

"நீ பூசுன. சொமக்கிறது அவ," என்றார் அம்மா. "எந்த எடம் பாப்பா?"

"காலடியில."

அம்மா குனிந்து அம்மனின் பாதத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அலவாங்கை ஓங்கி அடித்தார். சில்லு தெறித்தது, கல்லில் பட்டு அலவாங்கு துள்ளிற்று. இன்னொரு அடி. அதுவும் கல். மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது அப்பா வந்து அவர் கையைப் பிடித்தார். போச்சு என்று நினைத்தேன்.

"அங்க இல்ல," என்றார் அப்பா. "அடச்சவன் நாந்தானே. எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

அம்மாவின் கையிலிருந்து அலவாங்கை வாங்கி, ஒரு சாண் தள்ளிக் குத்தினார். பூச்சு பெயர்ந்தது. உள்ளே ஊறிப்போன பழந்துணி. அதை நெம்பிய மாத்திரத்தில் துணி வெடித்து வெளியே பறந்தது. பின்னாலேயே செந்தண்ணீர், கால் தடிமனுக்கு, முற்றத்தின் பாதி தூரத்துக்குப் பாய்ந்து விழுந்தது. கற்பூரத் தட்டுகள் உருண்டன. முன்னால் நின்றவர்கள் அலறிக்கொண்டு பின்னால் போனார்கள். உயரம், தள்ளு என்று இவள் சொன்னது எல்லாம் அந்த ஒரு கணத்தில் எல்லாருக்கும் விளங்கிற்று.

முதலில் சுதாரித்தவர் தலைவர்தான். நல்ல தலைவர்.

"நின்னுக்கிட்டு என்னா பாக்குறீங்க? ஆத்தா தீர்த்தம் குடுக்குறா, கொடத்தக் கொண்டாங்க!"

குடம், வாளி, சட்டி எல்லாம் வந்தன. சேற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். இவள் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்பா நிமிரவே இல்லை. ஓட்டை ஓட்டையாக, லயத்துக் கடைசிக் காமரா வரை குத்திக்கொண்டே போனார். முன்பு கத்தின பையன் அவர் பின்னாலேயே துணியைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

எல்லாரும் சந்தோசப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அம்மனின் வியர்வை அன்றே நின்றுவிட்டது. இந்தப் படித்தவளால்தான் நின்றது, வந்த தெய்வத்தை விரட்டிவிட்டாள் என்று சில பேர் பிறகும் நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பாதம் முழுக்கப் பெயர்ந்துபோன அம்மனோடுதான் அந்த வருடத் திருவிழா நடந்தது. அடுத்த வருடம் ஓவியம் எழுதியவர் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளிச் சலங்கை எழுதிவிட்டாராம். மழைக் காலத்தில் சலங்கைக்குள்ளிருந்து தண்ணீர் வருமாம். இதை அவள்தான் எனக்குச் சொன்னாள். கெம்பஸ் திறந்து, படித்து முடித்து, அவள் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்கு அணைக்கட்டு வேலைக்குப் போகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போனபின் சில காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோயிற்று. அவள் எனக்கு எழுதாமல் விட்டதில் இன்றுவரை எனக்குக் கோபம்தான்.

நான் சொல்ல வந்தது அந்த மாலையைப் பற்றி.

ஓட்டைகளைத் திறந்த கையோடு அவள் வெடிப்பின் குறுக்கே புதிய கடதாசி ஒன்றை ஒட்டியிருந்தாள். பின்னேரம் வரை மழை பெய்தது, ஓட்டைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சனம் கலைந்துபோனது. அவள் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். கடதாசி ஈரத்தில் நிறம் மாறியிருந்தது. கிழியவில்லை. விரலால் ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தடவிப் பார்த்தாள். பிறகு முழு உள்ளங்கையையும் சுவரில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரருக்குப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"இப்பக் கொஞ்சம் சும்மாத்தான் இருக்கு," என்றாள்.

அவர்கள் காமராவின் முன் திண்ணையில், இஸ்தோப்பு வாசற்படியில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் வீட்டுச் சுவர். அவள் முதுகை மெதுவாகப் பின்னால் விட்டாள். சுவரில் பட்டதும் ஒரு முறை திடுக்கிட்டாள், பிறகு விட்டுவிட்டாள். எவ்வளவு நாள் தூங்காமல் இருந்தாளோ. நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டது. தலை சுவரோடு சறுக்கிச் சறுக்கி வந்து என் தோளில் விழுந்தது.

அவளுடைய அம்மா இரண்டு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். மகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கோப்பையை என் கையில் கொடுத்து, மற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எழுப்பிறாத புள்ள," என்றார் மெதுவாக. "செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா, ராவெல்லாம்."

சந்தியில் வாப்பா ஹோர்ன் அடித்தார். ஊரடங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. தோள் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை. ஒரு போர்வையைக்கூடத் துவைக்கத் தராத பெண், தன் முழுப் பாரத்தையும் என்னிடம் கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தாள்.